விடுதலைக்குப் பின் ஓர் உறைவிடம்

துறவோர்க்கு இல்லறத்தார் அளிக்கத் தக்கவை உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என நான்காக வகுத்தார் சமந்தபத்திரர், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில். நெறியினின்று வழுவுவோரை மீண்டும் நெறியில் நிறுத்தும் ஸ்திதிகரணத்தை நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாக உரைப்பதும் அந்நூலே. இவ்விரு கருத்துகளையும் இன்றைய வாழ்வில் பொருத்திப் பார்ப்போம்.

காலாப்பட்டு மத்தியச் சிறையினின்று தண்டனை முடிந்து ஒருவர் வெளிவருகிறார் எனக் கொள்வோம். பெற்றோர் மறைந்திருக்கலாம், உடன்பிறந்தார் கதவடைக்கலாம். மடுகரை போன்ற சிற்றூரில் அவர் எங்கிருந்து வருகிறார் என்பது யாவர்க்கும் தெரியும். வாடகைக்கு வீடு தர அஞ்சுவர். நிலையான முகவரி இன்றேல் குடும்ப அட்டை பெறுதல் அரிது. வேலை கிடைத்தலும் அரிது. தெருவே தங்குமிடமாயின் பழைய கூட்டாளிகளே துணையாவர்.

தமிழகத்தில் விடுதலையடைந்த சிறைவாசிகள் உதவிச் சங்கம் 1921இல் தோன்றியது. 1980 முதல் 1983 வரை ஆராய்ந்த முல்லா குழுவும், 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடும் விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பை வலியுறுத்தின. ஆயினும் வீடு தருவதும் மறுப்பதும் வீட்டுக்காரராகிய நம் கையிலன்றோ உள்ளது?

சிந்திக்க:
1. அச்சம் இயல்பே. ஊர்ப் பெரியவர் இருவர் பொறுப்பேற்றால் ஓர் அறை தர நாம் இசைவோமா?
2. தண்டனை முடிந்த பின்னும் நாம் தண்டித்தல் அகிம்சைக்குப் பொருந்துமா?