வீட்டு மீன்தொட்டிக்கு ஏற்ற வடியைத் தெரிவு செய்தல்

(ஒருகொடவத்தை முதலாய கொழும்புப் பகுதிகளில் நன்னீர் மீன் வளர்ப்போர்க்கு)

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் வடி வாங்கும்போது, நீர் தெளிவாகத் தோன்றவேண்டும் என்பதையே பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றனர். இஃது அரைப்பங்கு உண்மையே. மழைக்காலத்திற் களனி கங்கை செந்நிறமாகக் கலங்கி ஓடுகின்றது; அதில் மீன்கள் நலமாகவே வாழ்கின்றன. கண்ணாடிபோலத் தெளிந்த புதுத் தொட்டியிலோ இரண்டாம் கிழமையில் மீன்கள் ஒவ்வொன்றாய் மிதக்கக் காண்கின்றோம். அவற்றைக் கொல்வது கண்ணுக்குப் புலப்படாத அமோனியாவாகும். ஆகவே வடி என்பது அழுக்கைத் தடுக்கும் சல்லடை மாத்திரமன்று. அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடமுமாகும். அவ்வுயிர்களை உயிருடன் வைத்திருக்கக்கூடிய வடி எதுவோ அதுவே நல்ல வடி. விலையும் தோற்றமும் பின்னரே கவனிக்கப்படவேண்டியவை.

மீன் தான் உண்ட புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றது. உண்ணாது எஞ்சிய தீனும் அழுகி அமோனியாவைத் தரும். ஒரு வகைப் பற்றீரியா இதனை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு சேர்ந்தாலும் தீங்கு குறைவு. இத்தகைய பற்றீரியாக்களை உருசிய விஞ்ஞானியாகிய வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் வேறுபிரித்து ஆராய்ந்தார். மீன்தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைத்திரோபற்றர் என நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டது. அது நைத்திரோசுபைரா என்னும் வேறோர் இனமே என்பது 1998 இல் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. பெயர் எதுவாயினும் அவற்றுக்கு வேண்டியவை ஒட்டிக்கொள்ளும் மேற்பரப்பு, இடையறாத ஒட்சிசன், நீரில் ஓரளவு காரத்தன்மை என்பனவாம். ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை முற்றாக மாற்றுவதற்கு ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகின்றது. சுண்ணாம்புக் கணக்கில் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையும் குறைகின்றது. இக்கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு எமது நீரை நோக்குவோம்.

கொழும்பு நகருக்கு வரும் குழாய்நீரின் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தலையிற் சுத்திகரிக்கப்படுகின்றது. லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் நீர் வருகின்றது. இவை யாவும் மழைவளம் மிக்க வலயத்து மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியிலுள்ள கிணற்று நீரைப்போலக் காரத்தன்மை நிறைந்தவையல்ல. மென்னீர்த் தொட்டியில் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்யக் காரத்தன்மை தீர்ந்து பீ.எச். பெறுமானம் இறங்கும், இறங்கவே அவற்றின் வேலையும் தளரும். ஒரு பிடி சிப்பி ஓட்டை உடைத்துத் துணிப்பையிற் கட்டி வடிக்குள் வைத்தல் இதற்கு எளிய பரிகாரமாகும். முருகைக்கல்லைத் தேடவேண்டாம், அதனைக் கடலில் அகழ்வது சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது.

மென்னீரால் ஒரு நன்மையும் உண்டு. நீரின் வெப்பம் 28 பாகையாக இருக்கையில், பீ.எச். 7 ஆயின் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், பீ.எச். 8 ஆயின் ஆறரைப் பங்கு அவ்வடிவில் இருக்கும். ஆதலாற் சிப்பி ஓட்டை அளவுக்கு மிஞ்சி இடுதலும் தவறு.

எமது பகுதியின் வெப்பத்தையும் கவனித்தல் வேண்டும். 20 பாகை வெப்பமுள்ள நீர் லீற்றருக்கு ஒன்பது மில்லிகிராம் வரை ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தகரக் கூரை வீடுகளிலும் காற்றோட்டமற்ற தொடர்மாடி அறைகளிலும் பங்குனி, சித்திரை மாதங்களில் தொட்டிநீர் 30 பாகையைத் தாண்டுவதுண்டு. குளிர் நாட்டார் எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். இங்கே நீரை அசைத்து மேற்பரப்பைக் கலைக்கும் வடியே சிறந்தது. ஓசையின்றி நீருள் மூழ்கிக் கிடப்பது அத்துணைச் சிறந்ததன்று.

இனி, கடைகளிற் கிடைக்கும் வடிகளைப் பார்ப்போம். பழைய முறையான சரளைக்கீழ்த் தட்டு மலிவானது. தொட்டியின் அடியில் துளைத்தட்டை வைத்து, அதன்மேல் மிளகளவான சரளையை ஆறு சதமமீற்றர் உயரத்திற்குப் பரப்பிக் காற்றுப் பம்பியால் நீரைச் சரளையூடாக இழுப்பது இம்முறை. சரளை முழுவதும் நுண்ணுயிர்களின் இருப்பிடமாவதால் அது நன்கு வேலை செய்யும். ஆயினும் தட்டின் கீழ்ச் சேறு சேர்ந்துவிடும், தொட்டியைக் கலைக்காமல் அதனை அகற்றுதல் அரிது. மண்டியைக் குழாயால் உறிஞ்சும் பொறுமை உள்ளவர்க்கே அது தகும்.

மின்மோட்டார் பொருத்தித் தொட்டியுள் மூழ்கவைக்கும் சிறு வடியும், விளிம்பில் தொங்கவிடும் வடியும் இன்று பெருவழக்கிலுள்ளன. தொங்கு வடி நீரை அருவிபோற் சொரிவதால் ஒட்சிசனும் சேரும். இவற்றிற் பலவற்றுக்கு மாதந்தோறும் மாற்றவேண்டுமெனக் கூறி அட்டைப்பொதிகளை விற்கின்றனர். பொதியை எறிவது நுண்ணுயிர்களையும் சேர்த்து எறிவதாகும். அப்பொதியிலுள்ள கரி நிறத்தையும் மணத்தையும் மருந்தையும் பற்றிக்கொள்ளுமேயன்றி அமோனியாவை நீக்குவதில்லை. எமது நாட்டுச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் செயலூட்டிய கரி பிற நாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதியாகும் உயர்ந்த பொருள்தான். ஆயினும் நலமுள்ள மீன்தொட்டிக்கு அது நாள்தோறும் வேண்டியதன்று. பொதியின் இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டை வெட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கிற் பயன்படும்.

தொட்டிக்கு வெளியே மூடிய குடுவையாக அமையும் வடி பெருந்தொட்டிகளுக்கு ஏற்றது. அதனுள் அடங்கும் பஞ்சும் சுடுமண் வளையங்களும் மிகுந்த மேற்பரப்பைத் தருவன. அதனை வாங்க வசதியுள்ளோரும் பின்வரும் செய்தியை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீடித்தது. அத்தகைய காலம் கடந்துவிட்டது என்று கூறலாம்; ஆயினும் 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதுமே மின்சாரம் இழந்தது. குரங்கை நம்பி மீன் வளர்க்க இயலாது. மின்சாரம் நின்றதும் மூடிய குடுவையிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துள் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். குடுவையில் துர்நாற்றமுள்ள நீர் தேங்கும். மின்சாரம் வந்தவுடன் மோட்டார் அந்நீரையே தொட்டிக்குள் தள்ளும். மின்வெட்டின்போது பிழைத்த மீன் மின்சாரம் வந்தபின் இறப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் நின்ற குடுவையைத் திறந்து, பழைய நீரைக் கொட்டி, உள்ளிருப்பவற்றைத் தொட்டிநீரில் அலசிய பின்னரே மீள இயக்குதல் வேண்டும்.

பஞ்சு வடிக்கு இவ்விடர் குறைவு. அது தொட்டிநீரின் நடுவே திறந்து நிற்பதால் பம்பி நின்றாலும் சூழ்ந்துள்ள நீரிலிருந்து சிறிது ஒட்சிசன் பெறும். பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை அதே குழாயில் மாட்டினால் வடியும் இயங்கும், மீனும் மூச்சுவிடும். அதன் துளைகள் குஞ்சுகளை இழுப்பதில்லை. ஆகையால் 60 சதமமீற்றர் நீளமும் 30 அகலமும் 35 உயரமும் கொண்ட, ஏறக்குறைய 50 லீற்றர் நீர் கொள்ளும் சாதாரண வீட்டுத் தொட்டிக்கு, ஒரு பெரிய பஞ்சு வடியைக் காட்டிலும் இரு சிறிய பஞ்சு வடிகளை இரு மூலைகளில் வைப்பதையே நாம் சிபார்சு செய்வோம். ஒன்றைக் கழுவும்போது மற்றது தொழிற்படும். அழகு குறைவு என்பது உண்மை, நீர்த்தாவரத்தால் மறைக்கலாம்.

மோட்டார் வடி வாங்குவோர் தொட்டிநீரைப்போல் மணிக்கு நான்கு மடங்கு நீரைச் சுழற்றுவதைத் தேர்ந்தால் போதுமானது. 50 லீற்றருக்கு 200 லீற்றர். பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட அளவு, பஞ்சின்றியும் நீரை உயர்த்தாமலும் கண்ட அளவாகும். பயன்பாட்டில் அது பாதியாகவும் குறையக்கூடும். பொன்மீன் பெருந்தீனியும் பெருங்கழிவும் உடையதாகையால் அதற்கு இரட்டிப்பு வடி தேவை. மாறாக, 1929 இல் தெரணியகல என்பார் விவரித்த இந்நாட்டுக்கே உரிய செரி பார்ப் மீன், நிழல் படர்ந்த மெதுவான ஓடைகளில் வாழ்வது. விசையான நீரோட்டம் அதனை ஒரு மூலையில் ஒடுங்கச்செய்யும். சண்டைமீனும் அவ்வாறே. அது மேலே வந்து காற்றை உட்கொள்ளும் என்பதற்காகப் போத்தலில் அடைத்து வைப்போர் உளர். காற்றை உட்கொண்டாலும் அமோனியா அதன் செவுளைச் சுடாமல் விடுவதில்லை.

வடிக்குப் பதிலாகத் தொட்டி துப்புரவு செய்யும் மீன் என்று கூறி உறிஞ்சு மீனை விற்பது பெருந்தீங்கு. அது பாசியைத் தின்னும், தானும் கழிவிடும், முப்பது சதமமீற்றருக்கு மேலும் வளரும். வளர்ந்தபின் கால்வாயில் விடப்பட்ட இத்தகைய மீன்கள் இந்நாட்டு நீர்நிலைகளிற் பரவியுள்ளன. ஒருகொடவத்தையை அடுத்த கொலன்னாவைத் தாழ்நிலம் 2016 மே மாத வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். அத்தகைய வெள்ளத்தில் நிலத்தோடொட்டிய தொட்டியின் மீன் நேரே கங்கையைச் சேரும். தொட்டியையும் மின்செருகிகளையும் உயரத்தில் வைத்தல் இரு வகையிலும் நன்று. காற்றுப் பம்பியையும் நீர்மட்டத்திற்கு மேலேயே வைக்கவேண்டும். அன்றேல் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கிப் பம்பியைக் கெடுக்கும்.

எவ்வளவு நல்ல வடியும் முதல் நாளில் வெறும் பஞ்சே. நுண்ணுயிர்கள் பெருக எமது வெப்பநிலையில் மூன்று நான்கு கிழமைகளாவது ஆகும். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் அழுக்கேறிய பஞ்சுத் துண்டொன்றைக் கேட்டு வாங்கிப் புது வடியோடு சேர்த்துவைத்தால் இக்காலம் குறையும். முதலில் இரண்டு மூன்று சிறு மீன்களை விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது தீன் இட்டு வருக. எஞ்சிய மீன்களை ஒரு மாதத்தின் பின்னர் வாங்கலாம்.

வடியைக் கழுவும் முறையிலேயே பலர் இழப்பை அடைகின்றனர். குழாய்நீரிற் குளோரீன் உண்டு. குடிநீரிலுள்ள கிருமிகளைக் கொல்வதற்கென இடப்பட்ட அது, பஞ்சிலுள்ள பற்றீரியாவை வேறாகக் கருதுவதில்லை. குழாயின் கீழே பஞ்சைப் பளிச்செனக் கழுவியவர் மறுநாள் மீண்டும் முதல் நாள் தொட்டியையே உடையவராவார். தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரில் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தாற் போதும்; பழுப்பு நிறம் சற்று எஞ்சியிருத்தல் நல்லது. வடி நைத்திரேற்றை நீக்குவதில்லையாகையாற் கிழமைக்கொருமுறை நாலிலொரு பங்கு நீரை மாற்றுதலும் வேண்டும். அந்நாளிலேயே பஞ்சைப் பிழியும் வேலையையும் வைத்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு ஒரு வடியாக.

மாற்றும் நீரை முந்திய நாளே வாளியிற் பிடித்து ஒரு பகலும் இரவும் காற்றூட்டி வைத்தாற் குளோரீன் நீங்கும். அவசரமாயின் சோடியம் தயோசல்பேற்று அடங்கிய மருந்தை அதன் பொதியிற் குறித்த அளவில் இடலாம். அவ்வாளியை நெருங்கிய வலைத்துணியால் இறுகக் கட்டி மூடவேண்டும். மீனில்லாத தெளிந்த நீர் டெங்கு நுளம்புக்கு விருப்பமான இடமாகும். தொட்டியில் நீர்மாற்ற மறந்த கிழமையில் வாளிநீரையும் கொட்டிவிடுக.