பாலைவனக் காற்றை எக்செல்லில் அளக்கலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செல் தொகுப்பை ஒரே ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, இது ஆபீஸ் கணக்கு எழுதுபவர்களுக்கானது என்று மூடிவிடுகிறார்கள். இந்த மாதம் அதில் ஒரு பாலைவனத்தின் காற்றை அளந்து பார்ப்போம். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில், ஜெய்சல்மேர் நகரைச் சுற்றி 2001ல் காற்றாலைகள் நிறுவத் தொடங்கினார்கள். இன்று அவற்றின் மொத்தத் திறன் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதுபோன்ற ஓர் இடத்தில் காற்றாலை வைக்கலாமா, அதற்குக் கடன் வாங்கலாமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அடிப்படைக் கணக்கு ஒரு வரிதான். காற்றின் அடர்த்தியில் பாதியை, வேகத்தின் மும்மடியால் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என விடை கிடைக்கும்.

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறக்கவும். ஏ1 செல்லில் வேகம் என்றும், பி1 செல்லில் ஆற்றல் என்றும் தலைப்பு தரவும். ஏ2 முதல் ஏ9 வரை 2, 3, 3, 4, 6, 9, 10, 11 என டைப் செய்யவும். ஒரு நாளில் மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை அளந்த வேகம் (வினாடிக்கு மீட்டரில்) என வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்காக நான் எழுதிய எண்கள்தான் இவை. அடுத்து பி2 செல்லில் =0.5*1.11*ஏ2^3 என அமைத்து என்டர் தட்டவும். (ஏ என்பதை ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.) பி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து பி9 வரை இழுத்தால், எல்லா வரிகளுக்கும் விடை வந்துவிடும்.

1.11 என்பது காற்றின் அடர்த்தி. பாடப்புத்தகத்தில் 1.225 என்று இருக்கும். அது 15 டிகிரி வெப்பத்திற்கானது. 45 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடும். ஏறக்குறைய 9 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது.

இனி ஏ10 செல்லில் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனை ஒட்டியுள்ள அம்புக்குறியை கிளிக் செய்து ஆவரேஜ் தேர்ந்தெடுக்கவும். 6 கிடைக்கும். பி10 செல்லிலும் இதையே செய்தால் 236.01 வரும். பி11 செல்லில் =0.5*1.11*ஏ10^3 தந்து பாருங்கள். விடை 119.88. எண்கள் அதேதான், ஆனால் விடை பாதியாகிவிட்டது!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு புரோகிராம் இந்தத் தவறைத்தான் செய்தது. முதலில் சராசரி எடுத்தேன், பிறகு மும்மடியாக்கினேன். பிழைச் செய்தி எதுவும் வராததால் சரி என்றே நினைத்திருந்தேன். நல்ல இடத்தை வேண்டாம் என்று ஒதுக்க இந்த ஒரு வரி போதும். 11 மீட்டர் வேகத்தில் வீசும் ஒரு மணி நேரம், 2 மீட்டரில் வீசும் 166 மணி நேரத்துக்குச் சமம். சராசரி இதை மறைத்துவிடுகிறது. முதலில் ஒவ்வொரு அளவையும் மும்மடியாக்க வேண்டும். சராசரி அதன் பிறகுதான்.

இந்த ஆற்றல் முழுவதும் மின்சாரமாகிவிடாது. எந்தக் காற்றாலையும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது இயற்பியல் விதி. காற்று மிகப் பலமாக வீசினாலும், காற்றாலை தன் முழுத் திறனோடு நின்றுவிடும்.

பாலைவனத்தில் இன்னொரு தொல்லை மணல். காற்றளவி மணலில் சிக்கிச் சுற்றாமல் நின்றால் பதிவில் 0 விழும். ஏ6 செல்லில் உள்ள 6ஐ 0 என மாற்றுங்கள். சராசரி 5.25 ஆகக் குறையும். 0ஐ டெலீட் செய்து செல்லைக் காலியாக விட்டால் மீண்டும் 6. காலி செல்லை ஆவரேஜ் கணக்கில் எடுப்பதில்லை; 0ஐ எடுத்துக்கொள்ளும். ஆனால் பி6 செல்லில் பார்முலா இருப்பதால் அங்கே 0 நிற்கும். அதையும் டெலீட் செய்ய மறக்க வேண்டாம்.

ஒரு மாதப் பதிவை வைத்தும் ஏமாறக்கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஜெய்சல்மேரில் பலத்த காற்று, குளிர்காலத்தில் தணிந்துவிடும். ஜூலைப் பதிவை 12ஆல் பெருக்கி வங்கிக்குப் போனால், தவணை கட்டும்போது தெரியும். குறைந்தது ஓராண்டுப் பதிவு வேண்டும்.

உயரமும் முக்கியம். 50 மீட்டரில் அளந்த வேகத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தின் வேகத்தை மதிப்பிட, ஒரு காலி செல்லில் =ஏ2*(100/50)^(1/7) எனத் தரவும். வேகம் 10 சதவீதம்தான் கூடும், ஆற்றலோ 35 சதவீதம் கூடும். இது சமவெளிக்கான தோராயக் கணக்கு. அடைப்புக்குறிகளை விட்டுவிட்டால் எக்செல் எதிர்ப்பே காட்டாமல் தப்பான விடை தரும்.

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டில், ராஜஸ்தானின் வாய்ப்பு 100 மீட்டர் உயரத்தில் 18,770 மெகாவாட். 120 மீட்டரில் 1,27,750 மெகாவாட். மதிப்பிடும் முறை மாறியதும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் உயரத்தைக் கேட்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

உங்கள் ஷீட்டைச் சேவ் செய்துவிட்டு, இன்டர்நெட்டில் குளோபல் விண்ட் அட்லஸ் எனத் தேடிச் செல்லுங்கள். இலவசம்தான். ஜெய்சல்மேரைத் தேர்ந்தெடுத்து உயரத்தை மாற்றினால், சராசரி வேகம், ஆற்றல் அடர்த்தி இரண்டையும் காட்டும். அந்த வேகத்தை உங்கள் ஏ10 செல்லில் டைப் செய்து, பி11 செல்லின் விடையை அட்லஸ் தரும் ஆற்றல் அடர்த்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.