குகைக்கு ஒரு தலைவிளக்கு

மலைக்குகையின் இருள் அமாவாசை இரவின் இருளினும் வேறானது. வானத்து மீன்களேனும் ஒளிதரும் இரவிற் கண் சிறிது நேரத்திற் பழகிக்கொள்ளும். பாறைக்கடியில் நெடுந்தூரம் சென்றபின் கண் பழகுதற்கு ஒளியென ஒன்றில்லை. ஆங்கு விளக்கணைந்தால் வழிகண்டு மீளல் அரிது. ஆதலாற் குகையிற் செல்வோன் தன் விளக்கினிடம் முதற்கண் வேண்டுவது அணையாமையே. பேரொளி அதற்குப் பிற்பட்டது. அத்தகைய விளக்கொன்றை மாணவர் தம் கையாலேயே அமைக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1895ஆம் ஆண்டிற் பிரான்சியரான மாட்டெல், இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலுள்ள கேப்பிங் கில் என்னும், ஏறக்குறைய 100 மீற்றர் ஆழமான குழியுள் நூலேணி வழியே இறங்கினார். அருவியொன்றும் அக்குழியுள் வீழ்கின்றது. அவருக்குப் பின்வந்தோர் கல்சியம் காபைட்டின்மீது நீர் சொட்டப் பிறக்கும் அசற்றலீன் வாயுவை எரித்தனர். அச்சுடர் நாற்புறமும் ஒளிபரப்பும். கல் தீருங்கால் மெல்லச் சிறுத்து அறிவிப்பும் தரும். புதுவிளக்கு அமைப்போர் இவ்விரு குணங்களையும் இழத்தலாகாது.

இன்று அவ்விடத்தைப் பெற்றிருப்பது ஒளிகாலும் இருவாயி. நீலவொளி தரும் இருவாயியை ஆக்கியமைக்காக அக்காசாக்கி, அமானோ, நாக்காமுரா என்னும் மூவரும் 2014இல் நோபெல் பரிசு பெற்றனர். அந்நீலவொளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சினாலேயே வெள்ளொளி கிடைக்கின்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம். வெள்ளொளி இருவாயிக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். மீள மின்னேற்றத்தக்க நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலம் 1.2 வோல்ற்றுத் தரும். மூன்றைத் தொடராக இணைப்பின் 3.6. எஞ்சும் 0.6 வோல்ற்றை ஒரு தடையியில் விழவிட்டு 350 மில்லியம்பியர் ஓட்டம் பெறல் வேண்டுமெனின், ஓமின் விதிப்படி தடை 1.7 ஓம். எளிதன்றோ எனத் தோன்றும். ஆயின் புதிதாக மின்னேற்றிய கலம் 1.4 வோல்ற்று வரை காட்டும். அப்போது எஞ்சுவது 1.2 வோல்ற்று; ஓட்டம் கணக்கின்படி இருமடங்காகும். கலம் 1.1 வோல்ற்றுக்கு இறங்கினாலோ ஓட்டம் பாதியாகும். அழுத்தம் சிறிது மாற ஓட்டம் பெரிதும் மாறுகின்றது. தடையி மட்டும் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே ஓட்டத்தை நிலைநிறுத்தும் ஒருங்கிணைந்த சுற்றொன்றைச் சேர்த்தல் வேண்டும். ஏ.எம்.சீ. 7135 என்பது 350 மில்லியம்பியரில் ஓட்டத்தை நிறுத்துவது. அதற்கு மிஞ்சவேண்டிய அழுத்தமோ 0.12 வோல்ற்றளவே. எனவே 3.6 வோல்ற்றிற் பெறும் மின்வலுவில் நூற்றுக்கு 83 பங்கு இருவாயியைச் சென்றடையும். அழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்றுகளும் உள. அவை கலத்தை இறுதிவரை உறிஞ்சிவிட்டுத் திடீரெனக் கைவிடக்கூடியன. குகைக்கு அவற்றை யான் விரும்பேன். இச்சுற்றோ அழுத்தம் போதாதபோது ஒளியைச் சிறிது சிறிதாக மங்கவிடும். காபைட்டுச் சுடரின் குணம் இது. எனினும் நிக்கற் கலத்தின் அழுத்தம் நெடுநேரம் நிலையாய் நின்று கடைசியில் விரைந்து வீழ்வதாகலின், அவ்வறிவிப்புக் காலம் குறுகியதே.

2000 மில்லியம்பியர்மணிக் கலங்கள் இவ்விளக்கை ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எரிக்கும். அதனால் அதே தலைக்கவசத்தில், தனிக் கலங்களும் தனி ஆளியும் உடைய சிறு விளக்கொன்றும் இருத்தல் இன்றியமையாதது. அதற்கு மட்டும் 47 ஓம் தடையி போதும்: 13 மில்லியம்பியரில் நூற்றைம்பது மணி நேரம் எரியும். அதன் மங்கிய ஒளியிலும் காலடி தெரியும். மூன்றாவது விளக்கொன்றைப் பையில் வைத்திருத்தல் குகையோர் வழக்கம்.

இழையுள்ள பழைய குமிழ் சூட்டினாலேயே ஒளிரும். இருவாயிக்கோ சூடு பகை. அதன் வெப்பம் ஒளியோடு முன்செல்லாது பின்புற அடியில் தங்கும். அவ்வடியை அலுமினியப் பெட்டியோடு இறுகப் பொருத்துக. வில்லையின்றி விட்டால் ஒளி அகலப் பரந்து கால்வைக்கும் இடத்தைக் காட்டும். சுற்றின் இணைப்புகளை எப்பொட்சிப் பிசினால் மூடி, கம்பி நுழையும் துளைக்கு இரப்பர் வளையம் இடுக. ஆளி, சேறுபடிந்த கையுறையோடு இயக்கத்தக்க பருமனுடையதாதல் வேண்டும். கலங்களைப் பெட்டியினின்றும் வெளியே எடுத்தே மின்னேற்றுக; மூடிய பெட்டியுள் ஐதரசன் வாயு சேர்தல் ஆபத்து.

விளக்கு முடிந்தபின் அதனை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி எரியவிட்டு, ஒளி மங்கத் தொடங்கும் நேரத்தையும் முற்றும் அணையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. அவ்விரு எண்களையும் கலப்பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியபின்னரே குகைக்கு எடுத்துச் செல்லலாம்.