ஆறு அங்குலத் திரையில் தமிழ் பிடிஎஃப்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு அங்குலக் கிண்டிலின் திரை அகலமோ ஏறத்தாழ 90. தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து அந்தத் திரையில் 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். ஆங்கிலத்தை அந்த அளவிலும் ஒருவாறு படித்துவிடலாம். தமிழில் சுழிகள் அடைந்துபோய் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும்.

உடனே பலரும் பிடிஎஃப் கோப்பைக் காலிபர் மென்பொருளில் இட்டு இபப் ஆக மாற்றிப் பார்ப்பார்கள். தமிழ் பிடிஎஃப்களில் இது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் எழுத்துருக்களில் உருவான கோப்புகள் மாற்றியதும் பொருளற்ற குறிகளாகக் கொட்டும். யூனிகோடு கோப்பிலும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி விழுவதுண்டு. வருடிய பழைய நூல்களில் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் எழுத்தே இருக்காது, வெறும் படம்தான்.

அதனால் இவற்றைப் படமாகவே கையாள்வதுதான் என் அனுபவத்தில் சரியான வழி. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. பக்கத்தைப் படமாக்கி, ஒவ்வொரு சொல்லையும் தனித்துண்டாக வெட்டி, சிறிய திரைக்கேற்ப வரிகளை மாற்றி அடுக்கும். அது மொழியைப் பார்ப்பதில்லை, சொல்லுக்குச் சொல் உள்ள வெற்றிடத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே எழுத்துரு எதுவானாலும் கவலையில்லை. கோரீடர் செயலிக்குள்ளும் இதே நுட்பம் இருக்கிறது.

உரைநடைக்கு இது அருமை. செய்யுளுக்கும் அட்டவணைக்கும் ஆகாது: வரிகளை மடக்கினால் அடி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். அத்தகைய நூல்களில் ஓரங்களை மட்டும் வெட்டிவிட்டுச் சாதனத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் படிக்கலாம். இருபுறமும் ஓர் அங்குல ஓரம் உள்ள ஏ4 பக்கத்தில் இப்படிச் செய்தால் 12 புள்ளி எழுத்து 9 புள்ளிக்கு மேல் தெரியும். வேறெந்த வித்தையும் வேண்டாம்.

படத்தின் அளவு திரையின் அளவோடு பொருந்த வேண்டும். 300 பிபிஐ கொண்ட ஆறு அங்குலக் கிண்டிலுக்கு 1072க்கு 1448 படப்புள்ளிகள் போதும்; அதற்கு மேல் போனால் கோப்புதான் பருக்கும், பக்கம் புரள நேரமாகும். கறுப்பு வெள்ளை மின்மைத் திரை காட்டுவது 16 சாம்பல் நிலைகளைத்தான் என்பதால் வண்ணத்தை நீக்கிவிடலாம். எழுத்துப் பக்கங்களுக்கு பிஎன்ஜி நல்லது. ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தின் ஓரங்களில் மங்கல் படியும்.

வருடிய நூல்களில் ஒரு கண்ணி இருக்கிறது. அழுக்குப் புள்ளிகளை நீக்கும் வசதியைத் தாராளமாக வைத்தால், அது மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்! அந்த வசதியைக் குறைத்து, கறுப்பை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். முழு நூலையும் மாற்றும் முன் நடுவிலிருந்து நாலைந்து பக்கங்களை மாற்றிச் சாதனத்திலேயே பாருங்கள். கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

படமாக்கிய நூலில் சொல் தேட முடியாது, அகராதி திறக்காது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. அதனால் மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் தன் நூல்களை இபப் வடிவிலும் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் வடிவிலும் சேர்த்தே தருகிறது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மற்றவர்களும் ஏ4 கோப்போடு நிறுத்தாமல் இந்த இரண்டையும் தர வேண்டும்.