காகிதப் புத்தகமும் மின்நூல் கருவியும்: இரண்டையும் வைத்துக் கொள்வது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மின்நூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டால், வீட்டில் உள்ள புத்தகங்களை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாமா?" வேறு சிலர் நேர் எதிராகப் பேசுவார்கள். "பக்கம் புரட்டுகிற சுகம் அதில் வருமா? எனக்கு அது வேண்டவே வேண்டாம்" என்பார்கள். இரு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான்: இரண்டும் வேண்டும்.

என் வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. 6 அங்குலத் திரை கொண்ட மின்நூல் கருவியும் இருக்கிறது. ஒன்று வந்ததால் மற்றது வெளியே போகவில்லை. இதற்குக் காரணம் புத்தக ஆசை மட்டுமல்ல. காகிதப் புத்தகம் ஒரு விதத்தில் அழிகிறது, மின்நூல் வேறு விதத்தில் காணாமல் போகிறது. ஒன்று போனால் மற்றது கைகொடுக்க வேண்டும் என்றால், மின்நூலை நம் கம்ப்யூட்டரில் முறையாக வைத்துக் கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மின்நூல் கருவி எப்படி வேலை செய்கிறது?

கிண்டில், கோபோ போன்ற கருவிகளின் திரை, மொபைல் போன் திரையைப் போன்றது அல்ல. இதை 'இ-இங்க்' திரை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள நுண்குமிழ்கள் இதில் நிறைந்திருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் திரவத்தில் மிதக்கும். மின்னூட்டம் தரும்போது கறுப்போ வெள்ளையோ மேலே வரும். இப்படித்தான் எழுத்து தெரிகிறது.

ஒரு முறை பக்கம் உருவாகிவிட்டால், அது அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாற்றும்போதுதான் முக்கியமாக மின்சாரம் செலவாகும். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாட்கள், சில கருவிகளில் பல வாரங்கள் கூடப் படிக்க முடிகிறது. வெயிலில் உட்கார்ந்து படித்தாலும் அச்சுப் பக்கம் போலத் தெளிவாகத் தெரியும்.

இந்த வகைத் திரையுடன் முதலில் விற்பனைக்கு வந்தது சோனி நிறுவனத்தின் லிப்ரியே. 2004-ல் ஜப்பானில் வெளியானது. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்.

கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையில் சொல்லும் அனைத்தையும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். கருவியைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

பணம் கொடுத்து வாங்கிய மின்நூல் நம்முடையதா?

கடையில் வாங்கிய புத்தகத்தை நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். மின்நூல் கடைகளில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தும்போது, பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே.

இதற்கு இரண்டு உதாரணங்கள். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில பதிப்புகளை அமேசான் நிறுவனம் வாடிக்கையாளர்களின் கிண்டில்களில் இருந்தே நீக்கியது. அவற்றை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது, அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வாங்கிய புத்தகம் இரவோடு இரவாக வீட்டை விட்டுப் போக முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து, 2019 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியது. அங்கு வாங்கிய நூல்கள் அந்த ஆண்டு ஜூலை முதல் திறக்கவில்லை. இங்கும் பணம் திருப்பித் தரப்பட்டது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிடைத்தது. எழுதிய குறிப்புகளுக்கு அது ஈடாகுமா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

காகிதமும் நிரந்தரம் அல்ல

அப்படியானால் காகிதம்தான் பாதுகாப்பு என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் இருக்கும் அமிலம், நாளாக நாளாகத் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. கரையான், ஈரம், மழைநீர் எல்லாம் தனி.

இதைவிடப் பெரிய இழப்புகளும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றுடன் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அப்படியே போய்விட்டன. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்து வருகிறது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பதுதான் ஆபத்து என்று புரிகிறதல்லவா?

தமிழ் மின்நூல்கள் எங்கே கிடைக்கும்?

சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் இடங்களையே இங்கு சொல்கிறேன்.

1. மதுரைத் திட்டம்: 1998 பொங்கல் அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்தவை இந்த நூல்கள். சங்க இலக்கியம் முதல் கல்கியின் நாவல்கள் வரை இங்கு உண்டு.

2. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்: இக்கால எழுத்தாளர்கள் தாமாகவே அனுமதி தந்த நூல்கள். ஒரே நூல் இ-பப், 6 அங்குல பி.டி.எஃப். எனப் பல வடிவங்களில் கிடைக்கும்.

3. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம்: தமிழக அரசின் அமைப்பு நடத்துவது. பழைய அச்சு நூல்களின் ஸ்கேன் பிரதிகள் ஏராளம்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அது முடிந்த நூல்களையும், அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களையும் தயங்காமல் டவுண்லோட் செய்யலாம். இன்று எழுதிக் கொண்டிருப்பவரின் நூல் திருட்டுத்தனமாக எங்காவது கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். அவருக்குச் சேர வேண்டிய பணம் அது.

டவுண்லோட் செய்த பைல் எந்த வகை?

இங்குதான் புதியவர்கள் பலர் திணறுகிறார்கள். தமிழ் பி.டி.எஃப். பைல்கள் பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு. கண்டுபிடிக்க எளிய சோதனை இதோ.

பைலைத் திறந்து, ஏதாவது ஒரு வரியின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்து இழுங்கள். கன்ட்ரோல் கீயுடன் சி கீயை அழுத்திக் காப்பி செய்யுங்கள். பிறகு நோட்பேடைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் வி கீயை அழுத்துங்கள்.

• வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லை என்றால், அது ஸ்கேன் செய்த படம். 6 அங்குலத் திரையில் எழுத்து பொடியாகத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும். இதைக் கம்ப்யூட்டரில் படிப்பதே நல்லது.

• நோட்பேடில் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்து புரியாத ஏதோ வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. இதை வேறு வடிவத்துக்கு மாற்றினால் அதே குப்பைதான் வரும்.

• தமிழ் எழுத்தாகவே வந்தால், அது யூனிகோடு. ஆனாலும் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அதே நூலின் இ-பப் பைல் கிடைக்குமா என்று தேடுவது மேல்.

பொதுவான விதி: இ-பப் கிடைத்தால் இ-பப்பையே எடுங்கள். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால், வரிகள் தாமாகவே திரைக்கு ஏற்ப மடங்கிக் கொள்ளும். மூக்குக் கண்ணாடி போட்டுப் படிப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

காலிபர் என்னும் நூலகர்

மின்நூல்களை ஒழுங்காக வைத்துக் கொள்ள நான் பயன்படுத்தும் சாப்ட்வேரின் பெயர் காலிபர். கோவிட் கோயல் என்பவர் 2006-ல் எழுதத் தொடங்கியது. முழுக்க இலவசம். இப்போதைய பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் தேவை. இணையத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் சி, ஏ, எல், ஐ, பி, ஆர், இ என்று ஏழு எழுத்துக்களையும் சரியாக டைப் செய்யுங்கள். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்யுங்கள்.

படி 1: இன்ஸ்டால் செய்தவுடன், நூல்களை எந்த போல்டரில் வைக்க வேண்டும் என்று கேட்கும். 'காலிபர் லைப்ரரி' என்ற போல்டர் எங்கே உருவாகிறது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்து உங்களிடம் உள்ள கருவி எது என்று கேட்கும். கருவி இல்லாவிட்டால் ஏற்கெனவே தேர்வாகி இருப்பதையே விட்டுவிடலாம்.

படி 2: மேலே உள்ள 'ஆட் புக்ஸ்' பட்டனை கிளிக் செய்து, டவுண்லோட் செய்த பைலைத் தேர்வு செய்யுங்கள். நூல் பட்டியலில் சேர்ந்துவிடும். பைலைத் தனியாகப் பிரதி எடுத்து வைப்பதால், டவுண்லோட்ஸ் போல்டரில் உள்ள பழைய பைலைப் பிறகு நீக்கிவிடலாம்.

படி 3: 'எடிட் மெட்டாடேட்டா' பட்டனை கிளிக் செய்து, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் டைப் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால், நூறு நூல்கள் சேர்ந்த பிறகு வெறும் எண்களும் சுருக்கெழுத்துக்களுமே பட்டியலில் நிற்கும்.

படி 4: 'வியூ' பட்டனை அழுத்தினால் அந்த நூலைக் கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம்.

படி 5: கருவி இருந்தால் யு.எஸ்.பி. கேபிளில் இணையுங்கள். காலிபர் அதை அடையாளம் கண்டதும் 'சென்ட் டு டிவைஸ்' என்ற பட்டன் தோன்றும். கோபோ கருவி இ-பப் பைலை நேரடியாகத் திறக்கும். கிண்டிலுக்குக் கேபிள் வழியாக அனுப்பும்போது, வேறு வடிவத்துக்கு மாற்றவா என்று காலிபர் கேட்கும். சம்மதம் என்று அழுத்தினால் போதும்.

கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடையிலோ நண்பரிடமோ அதே மாடலில் ஒரு தமிழ் நூலைத் திறந்து பாருங்கள். கொ, கோ, கௌ, ஸ்ரீ ஆகிய எழுத்துக்கள் சிதையாமல் வருகின்றனவா என்று கவனியுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.

மறக்கக் கூடாத பேக்கப்

மாதம் ஒரு முறை காலிபரை மூடிவிட்டு, 'காலிபர் லைப்ரரி' போல்டரை அப்படியே காப்பி செய்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து வேறு வீட்டில், உதாரணமாக உங்கள் அக்கா வீட்டில், கொடுத்து வையுங்கள். பென் டிரைவை மட்டுமே நம்பிப் பல வருடங்கள் விட்டுவிடக் கூடாது. படம் இல்லாத நாவல் ஒன்று பெரும்பாலும் 1 அல்லது 2 எம்.பி.க்குள் அடங்கிவிடும் என்பதால், இந்த வேலைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

கடையில் வாங்கிய, பூட்டுப் போட்ட மின்நூல்களுக்கு இந்த வழி உதவாது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைத் தளத்தில் இருந்து கம்ப்யூட்டரில் டவுண்லோட் செய்து கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. எனவே வாங்கும் முன், பூட்டு இல்லாத பதிப்பு கிடைக்குமா என்று பாருங்கள்.

எதைக் காகிதத்தில் வாங்குவது?

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். ஒரு முறை படித்தால் போதும் என்ற நூல், பயணத்தில் படிக்க வேண்டிய நூல், தேடிப் பார்க்க உதவும் நூல் ஆகியவற்றுக்கு மின்நூல். மறுபடி மறுபடி படிப்பவை, ஓரத்தில் எழுத விரும்புபவை, படங்கள் முக்கியமானவை, வீட்டுப் பிள்ளைகள் கையில் கிடைக்க வேண்டியவை ஆகியவற்றுக்குக் காகிதம்.

'பொன்னியின் செல்வன்' இதற்கு நல்ல உதாரணம். ஐந்து பாகங்களையும் ரயிலில் தூக்கிச் செல்ல முடியாது, கருவியில் அது ஒரு பைல். நந்தினி முதலில் எங்கே வருகிறாள் என்று நொடியில் தேடலாம். ஆனால் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அது தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள், எழுத்தை மட்டும் தட்டச்சு செய்த மின்நூலில் இருக்காது. ஓவியங்களுடன் கூடிய அச்சுப் பதிப்பை அலமாரியிலும், எழுத்தைக் கருவியிலும் வைத்திருக்கிறேன்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அலமாரியில் பழுப்பேறி, நூல் பிரிந்து நிற்கும் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். அதன் பெயரை மேலே சொன்ன மூன்று தளங்களிலும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் காலிபரில் சேர்த்துப் பேக்கப் எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் கையில் இருப்பது அபூர்வமான பிரதியாக இருக்கக்கூடும். அதைப் பழைய பேப்பருடன் போட்டுவிடாதீர்கள்.