புதுப்பேட்டை இன்ஜின் பத்திரமாக ஊர் வந்து சேர

கேள்வி: என் பழைய காருக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு இன்ஜின் பேசி முடித்திருக்கிறேன். செலவு கையைக் கடிக்காமல், சேதமில்லாமல் திருநெல்வேலிக்குக் கொண்டுவருவது எப்படி?

பதில்: கூரியர் கட்டுப்படியாகாது, லாரி பார்சல் சர்வீஸில் போடுங்கள். வீட்டு டெலிவரி கேட்காமல், நீங்களே லோடு ஆட்டோ வைத்துக் குடோனில் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் இன்னும் மிச்சம்.

எனக்குக் கவலை கட்டும் விதத்தில்தான். ஆயில், கூலன்ட், பெட்ரோல் மூன்றையும் சுத்தமாக வடிக்கச் சொல்லுங்கள். கசிந்தால் பக்கத்து மூட்டைகள் பாழாகும். பெட்ரோல் இருந்தால் தீ அபாயம். திறந்த துவாரங்களைத் துணியும் டேப்பும் வைத்து அடைக்க வேண்டும். இன்ஜினை ஆயில் சம்ப்பின் மேல் உட்கார வைக்கவே கூடாது, அந்தத் தகடு நசுங்கிவிடும். மரச்சட்டம் அடித்து, மவுண்டிங்கில் எடை இறங்கும்படி போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். சென்சார்களைக் கழற்றித் தனிப்பெட்டியில் அனுப்பலாம்.

கட்டும் முன் இன்ஜின் நம்பரைப் படமெடுத்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் நம்பரை மாற்றியாக வேண்டும். பில் இல்லாவிட்டால் திருட்டுப் பொருளோ என்ற சந்தேகம் உங்கள் மேல் விழும். லாரி ரசீதில் உண்மையான மதிப்பையே போடுங்கள். குடோனில் கையெழுத்திடும் முன் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.