கம்பியிற் செல்லும் கணை

வில்லை விட்டு நீங்கிய கணை எய்தவன் வயத்ததன்று. இலக்கியங்களில் இதனையே பயின்றுவந்த எமக்கு, எய்த பின்னும் எய்தவன் கையிற் கட்டுண்டு செல்லும் கணையொன்று உண்டென்பது முதலில் வியப்பையே தந்தது. காலாட்படையினர் சுமந்துசென்று டாங்கிகளைத் தாக்கும் ஏவுகணையே அது.

சோவியத்து நாடு 1963-ஆம் ஆண்டிற் படையிற் சேர்த்த ‘மால்யூத்கா’வை எடுத்துக்கொள்வோம். உருசிய மொழியில் இப்பெயர் சிறு குழந்தை எனப் பொருள்படும். கொலைக்கருவிக்கு இட்ட பெயர்களுள் இதனினும் பொருந்தாதது அரிது. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். பயணப்பெட்டி போன்ற பேழையில் அடங்கும். அப்பேழையின் மூடியே ஏவுதளமாகவும் அமையும். வீரன் அதனை நிலத்தில் நிறுத்தி, 15 மீட்டர் வரை விலகிப் பள்ளத்திற் படுத்துக்கொள்ளலாம். ஏவப்பெற்ற கணை மயிரிழை போன்ற கம்பியைத் தன் பின்னே அவிழ்த்துக்கொண்டு பறக்கும். அதன் வாலில் ஒரு சுடர் எரியும். வீரன் தொலைநோக்கியில் அச்சுடரையும் டாங்கியையும் ஒருங்கே நோக்கி, சிறு கோலொன்றைக் கையால் அசைத்து, இரண்டையும் நேர்ப்படுத்தல் வேண்டும். கோலின் அசைவு மின்குறியாய்க் கம்பிவழிச் சென்று கணையைத் திருப்பும்.

ஈண்டுக் கருதற்பாலது காலமே. விநாடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் செல்லும் கணை 3,000 மீட்டர் தொலைவை அடைய 25 விநாடி ஆகும். அத்துணை நேரமும் கண்ணை அகற்றாது, கை நடுங்காது, குண்டுமழையிடையே அவன் கிடத்தல் வேண்டும். இருபத்தைந்து வரை மெல்ல எண்ணிப் பார்ப்பவர்க்கு அஃது எத்துணை நெடிதென்பது விளங்கும்.

1973 அக்டோபர் 6 அன்று சூயசுக் கால்வாயைக் கடந்த எகிப்தியக் காலாட்படை இக்கணைகளைச் சுமந்து சென்றது. இரு நாள் கழித்து, போதிய காலாட்படைத் துணையின்றி எதிர்த்துவந்த இசுரேலிய டாங்கிகள் பல அழிந்தன. எனினும் டாங்கி வீரர் விரைவில் மாற்றுவழி கண்டனர். பறந்துவரும் கணையை வீழ்த்தல் அரிது. ஆகவே ஏவியவன் பதுங்கியிருக்கும் இடத்தை நோக்கிச் சுட்டனர். அவன் ஒருகணம் தலைதாழ்த்தினும் கணை வழிதவறும். அந்த 25 விநாடி, டாங்கியினுள் இருந்த நால்வர்க்கும் உயிர்பிழைக்கும் வாய்ப்பாயிற்று.

கணை இரும்பை உருக்கித் துளைக்கிறதென்று பலர் கூறுவர், அது பிழை. வெடிமருந்தின் முகப்பிலுள்ள கூம்புக்குழியின் உலோக உறை, வெடிப்பினால் ஊசிபோல் நீண்டு, பேரழுத்தத்தாற் கவசத்தை ஊடுருவுகிறது. அக்கவசமோ முன்புறம் தடித்தும் மேற்புறம் மெலிந்தும் இருப்பது.

பின்வந்தோர் வீரனின் சுமையைக் குறைத்தனர். 1970-களில் வந்த பிரெஞ்சு-செருமானிய ‘மிலா’னிற் கம்பி உண்டு, கோலசைத்தல் இல்லை, குறியை டாங்கியின்மீது நிறுத்தினாற் போதும். 1996-இல் அமெரிக்கப் படையிற் சேர்ந்த ‘ஜாவலின்’ கம்பியையும் நீக்கிற்று. ஏவுமுன்னரே டாங்கியின் வெப்பவுருவைப் பற்றிக்கொண்டு, வானில் எழுந்து, மெலிந்த மேற்புறத்திற் பாயும். ஏவியவன் உடனே அகன்று மறையலாம். அவனைச் சுட்டு வீழ்த்தினும் கணை வழிமாறாது. டாங்கியினுள் இருப்போர்க்கு முன்பிருந்த வாய்ப்பு இவ்வாறு ஒழிந்தது. 2022-இல் உக்ரேனுட் புகுந்த உருசிய டாங்கிகள் சிலவற்றின் தலைமேல் இரும்புக் கூண்டு அமைத்திருந்தனர். ஜாவலினோ ஒன்றன்பின் ஒன்றாய் இரு வெடிகளை உடையது. முன்னது கூண்டில் வெடிப்பினும் பின்னது எஞ்சி நிற்கும்.